விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடுதல்: வகுப்பறைப் பேச்சுப் பயிற்சியைச் செம்மைப்படுத்தும் முறை

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்புகளில் விடுமுறைப் பயணத் திட்டம் மிகவும் பழகிப்போன ஒரு பயிற்சி. டொராண்டோ, லண்டன், சிட்னி நகரங்களின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும், சிங்கப்பூர்ப் பள்ளிகளின் தமிழ் வகுப்புகளிலும், வேலைக்காகச் சென்னைக்கு வந்து தமிழ் கற்கும் பெரியவர்களின் வகுப்புகளிலும் இது நடக்கிறது. ஆசிரியர் நான்கைந்து பேரை ஒரு குழுவாக உட்காரவைத்து, “உங்களுக்கு ஒரு வாரம் லீவு. எங்கே போகலாம் என்று பேசி முடிவு செய்யுங்கள்” என்கிறார். குழுவில் நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளை ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறது. மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். எழுதத் தெரிந்த இன்னொரு பிள்ளை அதைத் தாளில் எழுதி முடிக்கிறது. இடையில் நடந்த கொஞ்சப் பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு குழுவும் தன் தாளை வாசிக்கும்போது, மற்றக் குழுக்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன.

இதைப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொள்வது தவறு. பேசியே தீரவேண்டிய தேவை எதுவும் அந்தப் பயிற்சிக்குள் இல்லை. பணத்துக்கு அளவில்லை, நாளுக்கு நெருக்கடியில்லை, விருப்பங்கள் மோதுவதில்லை, ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும். எந்த ஊரைச் சொன்னாலும் அது சரியான விடை. அத்தகைய நிலையில் நான்கு பெரியவர்களை உட்கார வைத்தாலும் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே பயிற்சியைச் சீர்செய்வது என்றால், படங்களையும் வண்ணத் தாள்களையும் கூட்டுவதைவிட, பேசாமல் முடிக்க முடியாத ஒரு சிக்கலை அதற்குள் வைப்பதே முதல் வேலை.

பயணம் போவது யார்?

பாடநூல்களில் வரும் பயணி பெரும்பாலும் தனியாள். வயதோ குடும்பமோ இல்லாதவர். தமிழ்க் குடும்பங்கள் அப்படிப் பயணம் போவது அரிது. ஊருக்குப் போகும்போது பாட்டி கூட வருகிறார், தம்பி வருகிறான், சித்தப்பா வீட்டார் பாதி வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். இந்தக் கூட்டத்தை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்தால் கருத்து மோதல் தானாகவே வந்துவிடும்.

நான்கு பேர் குழுவுக்கு நான்கு பாத்திர அட்டைகள் போதும். ஓர் அட்டை பாட்டியுடையது: முழங்கால் வலி, படி ஏற முடியாது, உச்சி வெயிலில் வெளியே வரமாட்டார், ஆனால் ஒரு கோயிலுக்காவது போகாமல் திரும்பமாட்டார். இன்னொன்று அப்பாவுடையது: செலவுக் கணக்கு அவர் கையில், ஒரு நாள் மாலை உறவினர் வீட்டு வரவேற்புக்குப் போயே ஆகவேண்டும். மூன்றாவது பதினான்கு வயது அக்கா: கடற்கரை வேண்டும், படம் எடுக்க நல்ல இடம் வேண்டும், ஒரே நாளில் இரண்டு கோயில் என்றால் வரமாட்டாள். நான்காவது ஆறு வயதுத் தம்பி: விலங்குகளைப் பார்க்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரமாட்டான். ஒவ்வோர் அட்டையிலும் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றும், விட்டுக்கொடுக்கக்கூடிய இரண்டும் இருக்க வேண்டும். எல்லாமே விட்டுக்கொடுக்கக் கூடியவையாக இருந்தால் பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும். எதுவுமே விட்டுக்கொடுக்க முடியாததாக இருந்தால் குழு முடிவுக்கு வராது.

பாத்திரம் ஏற்பது கூச்சமுள்ள பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. தன் கருத்தாக மறுத்துப் பேசத் தயங்கும் பிள்ளை, பாட்டியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு “என்னால அவ்வளவு படி ஏற முடியாது” என்று சொல்லத் தயங்குவதில்லை. வீட்டில் பாட்டி பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பல நேரம் அந்தக் குரலிலேயே பேசத் தொடங்கிவிடும். அப்படி வருவதுதான் நல்ல தமிழ்.

ஒரு விஷயத்தில் ஆசிரியருக்கு மிகுந்த கவனம் தேவை. வகுப்பில் உள்ள எல்லாக் குடும்பங்களாலும் விடுமுறைக்கு விமானம் ஏற முடியாது. அகதியாக வந்து சேர்ந்த குடும்பங்களில், பெற்றோர் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகமுடியாத நிலையும் இருக்கலாம். “போன லீவுக்கு எங்கே போனீர்கள்?” என்று வட்டமாகக் கேட்டு வகுப்பைத் தொடங்குவது சில பிள்ளைகளை முதல் நிமிடத்திலேயே வாயடைக்க வைக்கும். கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுத்துத் தொடங்குவது எல்லாருக்கும் பாதுகாப்பான வழி.

திசையை மாற்றிப் போடுவது அதைவிடவும் நல்லது. ஊரிலிருந்து பாட்டி இங்கே வருகிறார்; முதல் முறையாக விமானம் ஏறுகிறார்; தமிழ் மட்டும் பேசுவார். அவரை ஐந்து நாள் எங்கெங்கே கூட்டிப்போவது என்று பிள்ளைகள் திட்டமிடுகிறார்கள். பிள்ளைக்குத் தன் ஊரின் பேருந்தும் பூங்காவும் தெரியும், எனவே பேசப் பொருள் இருக்கிறது. கேட்பவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனவே தமிழில் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுத் தமிழ் வகுப்புகளில் “இதை ஏன் தமிழில் பேச வேண்டும்?” என்ற கேள்வி பிள்ளைகள் மனத்தில் எப்போதும் இருக்கிறது. அதற்குப் பயிற்சியே பதில் சொல்லும் அரிய இடங்களில் இது ஒன்று. தொடக்க நிலை வகுப்புகளுக்கு இந்த வடிவத்தையே முதலில் பரிந்துரைக்கலாம்.

வரம்புகளை வைத்தல்

கொடுக்கப்பட்ட வரம்புகளுக்குள் எது சிறந்த வழி, எது மலிவு, எது விரைவு என்று காரணம் கண்டு முடிவெடுப்பதை மொழி வகுப்பின் மையத்தில் வைத்தவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் அவர் வழிநடத்திய ஆங்கிலம் கற்பிக்கும் திட்டம், இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கற்பிக்காமல் இப்படிப்பட்ட சிக்கல்களையே பாடமாக்கியது. வகுப்பறைப் பணிகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாதது தகவல் இடைவெளி. தகவல் எல்லாரிடமும் இருந்தும் அதிலிருந்து முடிவை வருவிக்க வேண்டியிருப்பது காரண இடைவெளி. விருப்பமும் உணர்வும் வேறுபடுவது கருத்து இடைவெளி. பயணத் திட்டத்தின் சிறப்பு, இந்த மூன்றுக்கும் அதில் இடமிருப்பதுதான். வழக்கமான வகுப்பு மூன்றாவதை மட்டும் பயன்படுத்துகிறது; அதையும் பாத்திரங்கள் இல்லாமல் நலிந்த வடிவில் பயன்படுத்துகிறது.

வரம்புகள் கற்பனையாக இருப்பதைவிட உண்மையானவையாக இருப்பது நல்லது. சென்னையில் நான்கு நாள் தங்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய் முதல் வெள்ளி வரை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். மாமல்லபுரம் முட்டுக்காட்டுக்கும் அப்பால் அதே சாலையில் இருக்கிறது. எனவே அதையும் தட்சிணசித்ராவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வியாழன் மாலை தாம்பரத்தில் வரவேற்பு. வண்டலூர் தாம்பரத்தை அடுத்தே இருக்கிறது.

இவற்றை வைத்து ஒரு குழு பேசத் தொடங்கினால், செவ்வாய் காலை அருங்காட்சியகம், மாலை மயிலாப்பூர் என்று ஒரு வழி தெரியும். வியாழன் காலை வண்டலூர் போய், அப்படியே தாம்பரம் வரவேற்புக்குப் போகலாம் என்பது கொஞ்சம் யோசித்தால் கிடைக்கும். மாமல்லபுரம் புதனா வெள்ளியா என்பதில் இரண்டு கட்சி உண்டாகும். புதன் போனால் மறுநாளும் அலைச்சல், பாட்டிக்குத் தாங்காது. வெள்ளி போனால் அன்றிரவே ஊருக்குக் கிளம்ப வேண்டும், பெட்டி கட்ட நேரமிருக்காது. இரண்டும் சரிதான், இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது. பயிற்சியை எழுதும் ஆசிரியர் தேட வேண்டிய அளவு இதுதான். ஒரே ஒரு விடை மட்டும் பொருந்தும்படி இறுக்கினால் அது கணக்குப் புதிராகிவிடும்; வேகமாகக் கணக்குப் போடும் பிள்ளை விடையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். இரண்டு அல்லது மூன்று விடைகள் பொருந்தி, ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் எதையாவது இழக்கும்படி இருக்க வேண்டும். அந்த இழப்பைப் பற்றித்தான் பிள்ளைகள் பேசுவார்கள்.

ஈழத் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த வகுப்புகளில் யாழ்ப்பாணப் பயணத்தை எடுத்துக்கொள்வது பொருத்தம். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். எந்த நாளில் போவது என்பதே நல்ல கேள்வி. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவுத் தங்கலுக்கு வழி பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயிலா, வானா என்பதில் செலவும் பாட்டியின் முதுகும் எதிரெதிராக நிற்கும். மூத்த மாணவர்களுக்கு நீலகிரிப் பயணம் ஏற்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் 46 கிலோமீட்டர் மலை ரயில் மேலே ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சாலையில் சொந்த வண்டியில் போகலாம் என்றால், 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. எனவே நாட்காட்டியை வைத்து எண்ண வேண்டிய வேலையும் சேர்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட விதிகள் மாறக்கூடியவை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அட்டைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தகவலைப் பிரித்துக் கொடுத்தல்

மேலே சொன்ன விவரங்களை ஒரே தாளில் எழுதிக் குழுவின் நடுவில் வைத்தால், எல்லாரும் குனிந்து படிப்பார்கள், பேசமாட்டார்கள். அவற்றை நான்காகப் பிரிக்க வேண்டும். ஒருவரிடம் இடங்கள் திறக்கும் நாளும் நேரமும், ஒருவரிடம் தொலைவும் வண்டி நேரமும், ஒருவரிடம் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும், ஒருவரிடம் உறவினர்களிடமிருந்து வந்த செய்திகள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் முதன்முதலாக ஒரே வகுப்பில் படிக்க நேர்ந்தபோது எழுந்த பகையைத் தணிக்க, உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் இந்த முறையை அமைத்தார். பாடத்தின் ஒரு துண்டு ஒரு பிள்ளையிடம் மட்டுமே இருந்ததால், மற்றப் பிள்ளைகள் அதைக் காதுகொடுத்துக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. மொழி வகுப்பில் இதன் பயன் இன்னும் நேரடியானது. குழுவில் தமிழ் குறைவாகத் தெரிந்த பிள்ளையிடம் முக்கியமான அட்டையைக் கொடுத்தால், அவள் பேசாமல் திட்டம் நகராது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு எண்கள் நிறைந்த அட்டை ஏற்றது; சொற்கள் குறைவு, ஆனால் எல்லாரும் அவளிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விதி: அட்டையைக் காட்டக் கூடாது, சொல்ல வேண்டும். இந்த விதி தளர்ந்தால் பயிற்சியே விழுந்துவிடும். சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் அட்டையை நீட்டிவிடுவார்கள் என்பதால், நடுவில் ஒரு புத்தகத்தை நிற்கவைத்து மறைப்பதும், முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வைப்பதும் உதவும்.

அட்டையில் நேரத்தை எண்ணில் எழுதி, வாயால் சொல்லும்போது தமிழ் முறையில் சொல்லச் செய்வது நல்ல துணைப் பயிற்சி. 7.15 என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் “ஏழு பதினஞ்சு” என்றே வாசிப்பார்கள். “ஏழே கால்”, “ஒன்பதரை”, “பத்தே முக்கால்” என்று சொல்லப் பழகியிருந்தால்தான் ஊரில் பேருந்து நிலையத்தில் காதில் விழுவது புரியும். தொகைகளும் அப்படித்தான். 1,500 ரூபாயை “ஆயிரத்தி ஐநூறு” என்று தடுமாறாமல் சொல்ல வருவதற்கு இத்தகைய பேரம் பேசும் சூழலே சரியான இடம்.

மொழியை ஊட்டும் இடமும் நேரமும்

பயிற்சிக்கு முன்பே ஒரு நீண்ட சொற்பட்டியலையும் வாக்கிய அமைப்புகளையும் பலகையில் எழுதுவது பலரது வழக்கம். பிள்ளைகள் அந்தப் பட்டியலை நிறைவேற்றும் வேலையாகவே பயிற்சியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், பேச்சு செயற்கையாகிறது. அதைவிட, நன்றாகத் தமிழ் பேசும் இரண்டு பெரியவர்கள் வேறோர் ஊர்ப் பயணத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசித் திட்டமிடுவதைப் பதிவுசெய்து கேட்கவைக்கலாம். பெற்றோர்களே போதும், எழுதிவைத்து வாசிக்காமல் இயல்பாகப் பேசினால் சரி. முதல் முறை கேட்கும்போது என்ன முடிவு செய்தார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டாம் முறை, வேண்டாம் என்பதை அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று கவனிக்கச் சொல்லலாம். “வேணாம்” என்று நேராகச் சொன்னது ஓரிரு முறைதான் என்பதையும், “அது சரிதான், ஆனா நேரம் பத்தாதே”, “அவ்வளவு ஆகுமா?”, “பாக்கலாம்” என்றெல்லாம் சுற்றி மறுத்ததையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

திட்டமிடும் பேச்சு பேச்சுத்தமிழில்தான் நடக்க வேண்டும். “நாம் மாமல்லபுரத்திற்குச் செல்லலாமா?” என்று ஒரு பிள்ளையைப் பேசப் பழக்கினால், அவள் ஊரில் யாரிடமும் அப்படிப் பேசமுடியாது. “போலாமா?”, “போனா என்ன?”, “பஸ்ஸ விட ரயில் வசதி”, “மழை பெஞ்சா என்ன செய்யறது?” என்பவையே வேண்டும். யாழ்ப்பாண வழக்கு வீட்டில் உள்ள பிள்ளை “போவமா?” என்றால் அதுவும் முழுமையான தமிழ், திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. சிங்கப்பூர், 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் முறையான இடம் கொடுத்தது. வார இறுதிப் பள்ளிகள் பலவற்றில் இன்னும் எழுத்துத்தமிழையே வாயால் பேசவைக்கிறார்கள். நல்ல தமிழ் கெட்டுவிடும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் எழுத்துத்தமிழுக்கு இந்தப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் அதற்குரிய இடம் இருக்கிறது.

இந்தப் பயிற்சி இயல்பாகவே வெளிக்கொணரும் இலக்கணக் கூறுகள் இரண்டு. முதலாவது நாம், நாங்கள் வேறுபாடு. ஆங்கிலமோ ஜெர்மனோ பிரெஞ்சோ பேசி வளரும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், விளக்கம் எவ்வளவு சொன்னாலும் நிலைக்காது. பயணத் திட்டத்தில் குழுவுக்குள் பேசும்போது கேட்பவரும் பயணத்தில் உண்டு, “நாம புதன்கிழமை போலாம்.” வகுப்புக்குச் சொல்லும்போது கேட்பவர் பயணத்தில் இல்லை, “நாங்க புதன்கிழமை போறோம்.” ஒரே செய்தி, சில நிமிட இடைவெளியில், ஆள் மாறியதால் சொல் மாறுகிறது. அந்த மாற்றம் நடக்கும் இடத்தில் ஆசிரியர் ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும். யாராவது வகுப்பின் முன் நின்று “நாம போறோம்” என்று சொன்னால், “அப்ப நாங்களும் வர்றோமா?” என்று கேட்பது எந்தப் பாடத்தையும்விட நன்றாக மனத்தில் பதியும்.

இரண்டாவது வினையெச்சத் தொடர். “நாங்க அருங்காட்சியகம் போவோம். பிறகு நாங்க சாப்பிடுவோம். பிறகு நாங்க கோயிலுக்குப் போவோம்” என்று பிள்ளைகள் அடுக்குவது, ஆங்கில வாக்கியத்தைத் துண்டுதுண்டாகத் தமிழில் போடுவது. நாளின் நிகழ்ச்சிகளைத் தமிழ் ஒரே மூச்சில் கோத்துச் சொல்லும்: “மியூசியம் பாத்துட்டு, அங்கேயே சாப்பிட்டுட்டு, நாலு மணிக்கு மேல மயிலாப்பூர் போறோம்.” இதைப் பேச்சுக்கு முன்பே கற்பிக்கத் தேவையில்லை. குழுக்கள் முதல் முறை சொல்லி முடித்த பிறகு, ஒரு குழுவின் துண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து ஒரே வாக்கியமாகக் கோத்துப் பார்க்கலாம். தேவை உணரப்பட்ட பிறகு வரும் இலக்கணம் எளிதில் ஏறும்.

யோசிக்க நேரம் கொடுப்பதும் மொழியை ஊட்டுவதில் ஒரு பகுதி. பாலின் ஃபாஸ்டரும் பீட்டர் ஸ்கீஹனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் பத்து நிமிடம் தயாராக விடப்பட்ட மாணவர்கள், உடனே பேச வைக்கப்பட்டவர்களைவிடத் தடங்கல் குறைவாகவும் சிக்கலான வாக்கியங்களிலும் பேசினார்கள். சிறுவர் வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் பாத்திர அட்டையைத் தனியாகப் படித்து, தான் கேட்கப்போவதை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். தெரியாத சொல்லை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். முழு வாக்கியமாக எழுதிக்கொள்ள மட்டும் விடக்கூடாது, எழுதினால் வாசித்துவிடுவார்கள்.

ஆங்கிலம் நுழையும்போது

வாக்குவாதம் சூடுபிடிக்கும்போது பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். அபராதம் போடுவதும் புள்ளி குறைப்பதும் பேச்சையே நிறுத்திவிடும். எந்த இடத்தில் தாவினார்கள் என்பதே ஆசிரியருக்கு அந்த நாளின் மிகப் பயனுள்ள குறிப்பு. அவர்களுக்கு வேண்டியிருந்த, ஆனால் கைவசம் இல்லாத தமிழ் அது. குழுக்களிடையே நடக்கும் ஆசிரியர் அந்த இடங்களைச் சிறு தாளில் குறித்துக்கொண்டு, பேச்சு முடிந்தபின் நான்கைந்தை எடுத்து வகுப்போடு சேர்ந்து தமிழாக்கலாம். “அப்படின்னா ஒண்ணு செய்யலாம்”, “உனக்காக இத விட்டுக்குடுக்கறேன்”, “எதுவா இருந்தாலும் சரி” போன்ற இணைப்புத் தொடர்களே பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பெயர்ச்சொற்கள் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. டிக்கெட், ரூம், பஸ் ஸ்டாண்ட் என்பவை ஊரில் எல்லாரும் சொல்பவை. முன்பதிவு, பேருந்து நிலையம் என்பவற்றை எழுதும்போது பயன்படுத்தட்டும்.

“இத தமிழ்ல எப்படிச் சொல்றது?” என்ற கேள்வியைத் தமிழிலேயே கேட்பதை மட்டும் உறுதியான வழக்கமாக்க வேண்டும். தொடக்க நிலை மாணவரும் இதைச் சொல்லலாம். கேட்டபின் பேச்சு மீண்டும் தமிழுக்குத் திரும்பிவிடும்.

நடுவில் ஒரு திருப்பம்

திட்டம் முடிவாகும் நேரத்தில் ஒரு செய்தி வர வேண்டும். வியாழக்கிழமை கனமழை எச்சரிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் இது நடக்கக் கூடியதே. அல்லது வரவேற்பு ஒரு நாள் முன்னதாக மாறிவிட்டது. அல்லது கூட இரண்டு பேர் வருகிறார்கள், ஒரே காரில் இடமில்லை. உறவினரின் குரல் செய்தியாக இதை ஒலிக்கவிட்டால், கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியும் ஆகிவிடும். முடிந்த திட்டத்தைப் பிரித்து மறுபடி கட்டும்போது “பெஞ்சா”, “போகலேன்னா”, “இல்லாட்டி” என்ற நிபந்தனைத் தொடர்கள் வெள்ளமாக வரும். திருப்பம் ஒன்று போதும். இரண்டு மூன்று போட்டால் பிள்ளைகள் தங்கள் உழைப்பு வீணாகிறது என்று சலித்துக்கொள்வார்கள்.

சொல்லும் கட்டம்

ஒவ்வொரு குழுவும் முன்னால் வந்து வாசிக்கும் வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. கேட்பவருக்குக் கேட்க ஒரு காரணம் வேண்டும். அதற்கு எளிய வழி, வகுப்பைப் பயண முகவர்களின் சந்தையாக்குவது. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தன் இடத்தில் இருந்து திட்டத்தை விளக்குவார். மற்றவர்கள் வேறு குழுக்களுக்குப் போய்க் கேட்டு, தங்கள் பாட்டிக்கு எந்தத் திட்டம் சரிப்படும் என்று தேர்ந்தெடுத்து வருவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விளக்குபவர் மாற வேண்டும்.

சந்தைக்குத் தயாராவதற்கு, ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடம், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடம் என்று சொல்லும் முறை உதவும். கீத் மாரிஸ் 1983-இல் முன்வைத்து, பால் நேஷன் பரவலாக்கிய முறை இது. நேரம் சுருங்கச் சுருங்கத் தயக்கங்கள் உதிர்ந்து, பேச்சு சரளமாகும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் மிக அதிகம். இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வடிவம், ஊரில் உள்ள சித்திக்குத் தொலைபேசியில் சொல்வது. இங்கே மரியாதைச் சொற்கள் தானாக உள்ளே வருகின்றன. “சித்தி, நாங்க செவ்வாக்கிழமை வந்துடுவோம். வியாழக்கிழமை சாயந்தரம் தாம்பரம் போயிட்டு வர்றோம், நீங்களும் வர்றீங்களா?” சித்தியாக நடிப்பவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. “எங்க வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட வராம போவீங்களா?” என்று கேட்க வேண்டும், திட்டத்தில் அதற்கும் இடம் கண்டுபிடிக்க வேண்டியது பேசும் பிள்ளையின் பொறுப்பு.

எழுத்து இதற்கெல்லாம் பிறகு வருகிறது. முடிவான திட்டத்தைப் பாட்டிக்கு அனுப்பும் கடிதமாகவோ, நாள்வாரியான பயண நிரலாகவோ எழுதச் சொல்லலாம். “போறோம்” என்று பேசியது “போகிறோம்” ஆவதும், “பாத்துட்டு” என்பது “பார்த்துவிட்டு” ஆவதும் இங்கே நடக்கும். தாங்கள் பலமுறை சொல்லிப் பழகிய செய்தியையே எழுதுவதால், பிள்ளைகள் எழுத்து வடிவத்தில் மட்டும் கவனம் செலுத்த முடிகிறது. பேச்சு வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் இரண்டு பத்தியாக எதிரெதிரே எழுதவைப்பது நடுநிலை மாணவர்களுக்கு ஏற்றது.

நேரமும் மதிப்பீடும்

இரண்டு மணி நேர வகுப்பில், பதிவைக் கேட்பதற்கும் அதைப் பற்றிப் பேசுவதற்கும் 20 நிமிடம், அட்டைகளோடு தனியாக யோசிக்க 5, குழுப்பேச்சுக்கு 25, திருப்பத்துக்கு 10, இடைவேளைக்குப் பின் மொழிக்கூறுகளைப் பார்க்க 15, சந்தைக்கு 25, எழுதத் தொடங்க 15 என்று பங்கிடலாம். மீதமுள்ள நேரம் இடைவேளைக்கும் இடம் மாறி உட்காரவும் போய்விடும். ஒரு மணி நேர வகுப்பென்றால் இரண்டு வாரமாகப் பிரிப்பதே சரி. அவசரப்பட்டுக் குழுப்பேச்சைச் சுருக்கினால் மிச்சமெல்லாம் வெறும் சடங்காகிவிடும். மூன்று நான்கு பேரே உள்ள வகுப்பில் ஆசிரியரும் ஒரு பாத்திரம் ஏற்கலாம். ஒரே மாணவர் என்றால், ஆசிரியர் விடுதி மேலாளராகவும் சித்தியாகவும் வண்டி ஓட்டுநராகவும் மாறி மாறிப் பேச, மாணவர் மூவரிடமும் தகவல் சேர்த்துத் திட்டம் அமைக்கலாம்.

மதிப்பிடும்போது திட்டத்தின் அழகையோ ஒட்டிய படங்களையோ பார்க்கக் கூடாது. தன் அட்டையில் இருந்த தகவலை மற்றவர் புரிந்துகொள்ளும்படி சொன்னாரா, புரியாதபோது கேட்டாரா, ஒரு முறையாவது காரணத்தோடு மறுத்தாரா, சொன்ன கருத்துக்கு மறுமொழி கொடுத்தாரா என்ற நான்கை மட்டும் பார்த்தால் போதும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் கவனிக்க முடியாது. ஒரு வகுப்பில் ஒரு குழு என்று வைத்துக்கொள்ளலாம். குழுப்பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்ய வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதலை முன்பே பெற்றுக்கொள்ள வேண்டும். இதே பயிற்சியை ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும், ஊரையும் பாத்திரங்களையும் மட்டும் மாற்றி நடத்தி, இரண்டு பதிவுகளையும் பிள்ளைகளுக்கே போட்டுக் காட்டலாம். எந்தெந்த இடத்தில் முன்பு ஆங்கிலத்துக்குத் தாவினார்கள், இப்போது அங்கே எந்தத் தமிழ் வந்திருக்கிறது என்பதை அவர்களே குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பையே பெற்றோருக்கு அனுப்பும் முன்னேற்ற அறிக்கையோடு இணைக்கலாம்.